கட்டில் வீட்டுக்குள் போகுமா?

"சார், அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன். நாளைக்கு டிஸ்சார்ஜ் பண்றாங்க. ஒரு கட்டில் வேணும்."

மருத்துவ உபகரணங்களை இலவசமாக இரவல் தரும் அறக்கட்டளைகளுக்கு வரும் போன் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். புதிதாகச் சேர்ந்த தன்னார்வலர் உடனே எழுந்து, கட்டில் இருப்பில் இருக்கிறதா என்று பார்க்கப் போவார். அதைப் பிறகு பார்க்கலாம். போனை வைப்பதற்கு முன் கேட்க வேண்டியவை ஏழெட்டு இருக்கின்றன. அம்மாவுக்கு என்ன வயது, ஏறத்தாழ என்ன எடை? டாக்டர் நடக்கச் சொன்னாரா, படுக்கையிலேயே இருக்கச் சொன்னாரா? வீடு எந்த மாடி, லிஃப்ட் உண்டா? மாடிப்படி நேராகப் போகிறதா, நடுவில் திரும்புகிறதா? அறைக் கதவின் அகலம் என்ன? டாய்லெட் இந்தியனா, வெஸ்டர்னா? பகலில் கூட இருந்து பார்த்துக்கொள்வது யார்?

இந்தப் பதில்களை வைத்துப் பார்த்தால், கட்டில் கேட்ட வீடுகளில் பலவற்றுக்குக் கட்டில் தேவைப்படாது. இடுப்பு மூட்டு அறுவை சிகிச்சை ஆனவர்களைப் பல மருத்துவமனைகளில் மறுநாளே எழுப்பி நடக்க வைக்கிறார்கள். அப்படிப்பட்டவருக்கு வாக்கரும் கமோட் சேரும்தான் முக்கியம். நடக்க வேண்டியவருக்கு மருத்துவமனைக் கட்டிலைக் கொடுத்தால் சாப்பாடு, மருந்து, டி.வி. எல்லாம் கட்டிலிலேயே என்றாகிவிடும். பத்து நாளில் கால் சதை கரையும், நடக்கும் தைரியமும் போய்விடும். கேட்டதை எடுத்துக் கொடுப்பதைவிட, எது தேவை என்று கேட்டுத் தெரிந்துகொள்வதில்தான் இந்த வேலையின் பாதி இருக்கிறது. மீதிப் பாதி, கொடுக்கும்போது சொல்லிக்கொடுப்பதும் திரும்பி வரும்போது பரிசோதிப்பதும்.

கட்டில்தான் வேண்டும் என்று உறுதியானால், அளவைச் சொல்லிவிடுங்கள். சுற்றுபிடியால் உயர்த்தி இறக்கும் மருத்துவமனைக் கட்டிலான ஃபவ்லர் கட்டில் ஆறரை அடிக்கு மேல் நீளம், மூன்றடி அகலம் இருக்கும். தலைமாட்டுப் பலகை, கால்மாட்டுப் பலகை, பக்கக் கம்பி மூன்றையும் கழற்றலாம். இரும்புச் சட்டம் மட்டும் பல மாடல்களில் ஒரே துண்டுதான். இரண்டரை அடிக் கதவில் அதைப் பக்கவாட்டில் சாய்த்துத்தான் நுழைக்க முடியும். சுழல் படிக்கட்டு என்றால் ஏறாது. டெம்போவில் ஏற்றிக்கொண்டு போய் வாசலில் நின்று இதைக் கண்டுபிடிப்பதைவிட, முந்தின நாளே இன்ச் டேப்பால் அளந்து சொல்லச் சொல்வது எல்லோருக்கும் நல்லது.

கட்டிலைப் போட்டு முடித்ததும், பார்த்துக்கொள்கிறவர் கையாலேயே சுற்றுபிடிகளைச் சுற்ற வையுங்கள். முழு ஃபவ்லரில் இரண்டு பிடி இருக்கும், ஒன்று முதுகுப் பக்கத்துக்கு, மற்றது முழங்கால் பக்கத்துக்கு. இங்கே ஒரு வரிசை உண்டு. முதலில் முழங்காலைச் சற்று உயர்த்திவிட்டு, பிறகு முதுகை உயர்த்த வேண்டும். நேராக முதுகை மட்டும் தூக்கினால் நோயாளி கால்மாட்டுக்குச் சரிவார். சரியும்போது தோல் விரிப்போடு ஒட்டிக்கொண்டு நிற்க, உள்ளே எலும்பு மட்டும் நகரும். வால் எலும்புப் பக்கம் படுக்கைப்புண் வர இந்த இழுவிசை ஒரு முக்கியமான காரணம். சாப்பாடு கொடுக்கும்போது நன்றாக உயர்த்துங்கள், சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும். மற்ற நேரத்தில் 30 டிகிரிக்கு மேல் தேவையில்லை. சுற்றி முடித்ததும் பிடியை உள்ளே மடக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் இரவில் எழுந்து வருகிறவரின் முழங்கால் அதில்தான் இடிக்கும்.

ஏர் பெட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். இருப்பதில் அதிகம் கேட்கப்படுவதும், அதிகம் தவறாகப் பயன்படுத்தப்படுவதும் அதுதான். குமிழ் குமிழாக இருக்கும் பி.வி.சி. விரிப்பு, இரண்டு காற்றுக் குழாய், கால்மாட்டில் மாட்டும் சின்ன பம்ப், அவ்வளவுதான் மொத்தமும். பம்ப் ஒரு வரிசைக் குமிழ்களுக்குக் காற்று ஏற்றும்போது அடுத்த வரிசை இறங்கும். சுமார் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இது மாறி மாறி நடக்கும். உடம்பின் ஒரே இடத்தில் அழுத்தம் நிலைத்து நிற்காமல் இருப்பதற்குத்தான் இந்த ஏற்பாடு.

"பெட்ல பாதிக்குக் காத்தே வரல தம்பி" என்று முதல் நாள் மாலையே போன் வரும். பாதிதான் வரும், மறுபாதி அடுத்த சுற்றில் வரும் என்று கொடுக்கும்போதே சொல்லியிருந்தால் இந்தப் போன் வந்திருக்காது. கால் மணி நேரம் கழித்தும் அதே வரிசைகள் தட்டையாகக் கிடந்தால்தான் கோளாறு. முதலில் குழாய் பம்பிலிருந்து கழன்றிருக்கிறதா, கட்டிலுக்கும் மெத்தைக்கும் நடுவே மடிந்து நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம்தான் ஓட்டை. சோப்பு நுரையைத் தடவினால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி கிளம்பும். அந்த இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவைத்து, பெட்டோடு வரும் ஒட்டுத்துண்டை ஒட்டலாம்.

ஓட்டை எப்படி விழுகிறது தெரியுமா? பெரும்பாலும் ஊக்கு. விரிப்பு நழுவாமல் இருக்க நான்கு மூலையிலும் ஊக்குக் குத்திவிடுவார்கள். பார்த்துக்கொள்ளும் அம்மாக்கள் தாலிச் சரட்டில் கோத்து வைத்திருக்கும் ஊக்கு, நோயாளியைப் புரட்டக் குனியும்போது நழுவி விழுவதும் உண்டு. "அம்மா, இந்தப் பெட் பக்கம் வரும்போது ஊக்கைக் கழட்டி வெச்சிடுங்க" என்று வாய்விட்டே சொல்லிவிடுங்கள். சொன்னால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

ஏர் பெட்டை வெறும் பலகைமேல் போடக்கூடாது, மெத்தைமேல்தான் போட வேண்டும். அதன்மேல் மெல்லிய பருத்தி விரிப்பு ஒன்று போதும். ரப்பர் ஷீட், அதன்மேல் போர்வை, அதன்மேல் மடித்த வேட்டி, அதன்மேல் டயப்பர் என்று அடுக்கினால் காற்றுக் குமிழ் செய்யும் வேலை நோயாளியின் தோலுக்குப் போய்ச் சேராது. பம்பில் இருக்கும் திருகு எடைக்கு ஏற்ப வைக்க வேண்டியது. முழுசாகத் திருகிவிட்டால் பெட் கல்லாகிவிடும், குறைத்துவிட்டால் உடம்பு அடியில் முட்டும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. நோயாளி படுத்திருக்கும்போது, உள்ளங்கை மேலே பார்த்தபடி உங்கள் கையை ஏர் பெட்டுக்கும் கீழ் மெத்தைக்கும் நடுவே, இடுப்புக்கு நேராக நுழையுங்கள். எலும்பு கையில் தட்டுப்பட்டால் காற்று போதாது. உங்கள் கைக்கும் உடம்புக்கும் நடுவே ஓர் அங்குலமாவது காற்று இருக்க வேண்டும். இதை நீங்கள் செய்து காட்டியதும், வீட்டாரையும் ஒருமுறை கையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கையால் தொட்டுத் தெரிந்துகொண்டது மறக்காது.

பம்ப் இருபத்திநாலு மணி நேரமும் ஓட வேண்டும். சத்தமாக இருக்கிறது என்று இரவில் நிறுத்திவிடும் வீடுகள் உண்டு. கரண்ட் பில் பயம் என்றால், அது சில வாட் மட்டுமே எடுக்கும் சாதனம் என்று சொல்லுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஏர் பெட் போட்டாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்பது. ஏர் பெட் வந்துவிட்டதே என்று புரட்டுவதை விட்டுவிட்ட வீடுகளில்தான் புண் வேகமாக வருகிறது. கிழித்த தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் 6 மணி இடப்பக்கம், 8 மணி மல்லாக்க, 10 மணி வலப்பக்கம் என்று எழுதிச் சுவரில் ஒட்டிக் கொடுத்துவிட்டு வாருங்கள். குதிகாலுக்கும் இதே கவனம் வேண்டும். கெண்டைக்கால் அடியில் தலையணை வைத்தால் குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கும்.

அடுத்து ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர். டாக்டரின் சீட்டு இல்லாமல் இதைக் கொடுக்கவே கூடாது. சீட்டில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், நாளுக்கு எத்தனை மணி நேரம் என்று இரண்டும் எழுதியிருக்க வேண்டும். "ஆக்சிஜன் தேவை" என்று மட்டும் இருந்தால் போதாது, திரும்பப் போய் எழுதி வாங்கி வரச் சொல்லுங்கள். கெடுபிடி என்று நினைக்க வேண்டாம். சி.ஓ.பி.டி. என்னும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்கு, விரல்நுனி மீட்டரில் ஆக்சிஜன் அளவு 88 முதல் 92 வரை இருந்தால் போதும் என்றே டாக்டர்கள் பொதுவாக வைப்பார்கள். அவர்களுக்கு ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டே போனால் ரத்தத்தில் கரியமில வாயு சேர்ந்து மயக்கத்தில் கொண்டுபோய் விடும். ராத்திரி மூச்சிரைக்கும்போது பதறிப்போய் வீட்டார் செய்யும் முதல் காரியம் திருகைக் கூட்டுவதுதான். "திருகைத் தொடாதீங்க, டாக்டருக்குப் போன் பண்ணுங்க, முடியலன்னா 108" என்பதை இரண்டு முறை சொல்லுங்கள்.

இந்த இயந்திரம் ஆக்சிஜனை உற்பத்தி செய்வதில்லை. அறைக் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன் இருக்கிறது, மீதியில் பெரும்பகுதி நைட்ரஜன். உள்ளே இருக்கும் ஜியோலைட் மணிகள் நைட்ரஜனைப் பிடித்துவைத்துக்கொண்டு, 90 சதவீதத்துக்கும் மேலான ஆக்சிஜனை வெளியே விடுகின்றன. அந்த மணிகளுக்கு ஈரம் ஆகாது. 2021-இல் கோவிட் இரண்டாம் அலையின்போது ஏராளமான கான்சன்ட்ரேட்டர்கள் நன்கொடையாக வந்து குவிந்தன. அலை ஓய்ந்ததும் அவை மூலையில் முடங்கின. கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் ஓடாமல் மாதக்கணக்கில் கிடந்த இயந்திரம் சுவிட்சைப் போட்டால் ஓடும், காற்றும் வரும், எத்தனை லிட்டர் என்று காட்டும் மிதவைப் பந்தும் 5-இல் நிற்கும். ஆனால் வருவது ஏறக்குறைய வெறும் அறைக் காற்றாக இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

அதனால் வரும் காற்றில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று அளக்கும் ஆக்சிஜன் அனலைசர் இல்லாத இரவல் நிலையம் கான்சன்ட்ரேட்டர் கொடுக்கக் கூடாது என்பதே எங்கள் கருத்து. வெளியே போகும் முன் கால் மணி நேரம் ஓடவிட்டு, 5 லிட்டரில் வைத்து அளக்க வேண்டும். நல்ல இயந்திரம் 93-ஐ ஒட்டிக் காட்டும். 90-க்குக் கீழே இறங்கினால் சர்வீஸுக்கு அனுப்புங்கள். இருப்பில் கிடப்பவற்றை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். பக்கவாட்டில் இருக்கும் பஞ்சு ஃபில்டரை வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் முழுசாகக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். உள்ளே இருக்கும் ஃபில்டரைத் தொட வேண்டாம், அது டெக்னீஷியன் வேலை.

வீட்டில் வைக்கும்போது சுவரிலிருந்து ஓரடி தள்ளி வையுங்கள். திரைச்சீலை காற்று வாயை அடைக்கக் கூடாது. வெளியே வரும் ஆக்சிஜனை ஈரப்படுத்தும் நீர்ப் பாட்டிலில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றலாம், கிடைக்காவிட்டால் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர். போர் தண்ணீர் ஊற்றினால் ஒரு மாதத்தில் உப்புப் படியும். குறைந்த அளவு, கூடுதல் அளவு என்ற இரண்டு கோட்டுக்கும் நடுவே நிரப்பித் தினமும் மாற்ற வேண்டும். "குமிழி வரவில்லை" என்று போன் வந்தால் பத்தில் எட்டு முறை பாட்டில் மூடி மரை மாறி ஏறியிருக்கும். கழற்றி, நேராக வைத்து மறுபடி திருகச் சொல்லுங்கள். அதன் பிறகும் வரவில்லையென்றால் மூக்குக் குழாயின் நுனியை ஒரு டம்ளர் தண்ணீரில் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே குமிழி வந்தால் காற்று வருகிறது என்று பொருள். மிதவைப் பந்தைப் படிக்கும்போது பந்தின் நடுப்பகுதிதான் கோட்டில் நிற்க வேண்டும், மேல்விளிம்பு அல்ல.

நெருப்பைப் பற்றிச் சொல்லாமல் கிளம்பாதீர்கள். பீடி, சிகரெட் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். சாமி விளக்கும் ஊதுவத்தியும் கற்பூரமும் நெருப்புதான் என்று யாருக்கும் தோன்றாது. பல வீடுகளில் நோயாளி படுத்திருக்கும் கூடத்திலேயே சாமி அலமாரி இருக்கும். பத்தடித் தூரமாவது இருக்கட்டும். இடம் இல்லையென்றால் இந்த நாட்களில் மின்விளக்கு ஏற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். மூக்கு வறண்டு எரிகிறது என்று தேங்காய் எண்ணெய், வாசலின், விக்ஸ் தடவும் பழக்கமும் உண்டு. ஆக்சிஜன் ஓடும் மூக்கில் எண்ணெய்ப் பசை உள்ள எதுவும் கூடாது. தண்ணீர் அடிப்படையிலான ஜெல் மருந்துக் கடையில் கிடைக்கும்.

அப்புறம் கரண்ட். 5 லிட்டர் இயந்திரம் ஏறத்தாழ 350 வாட் இழுக்கும். நாள் முழுக்க ஓடினால் 8.4 யூனிட். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பதால், 60 நாளில் 504 யூனிட் கூடுதலாக ஏறும். வீட்டின் வழக்கமான செலவோடு சேரும்போது ஸ்லாப்பே மாறிவிடும். இயந்திரத்தை இலவசமாகக் கொடுத்துவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால், பில்லைப் பார்த்துப் பயந்து பாதி நேரம் நிறுத்திவைப்பார்கள். இன்வெர்ட்டர் இருக்கிறது என்பார்கள். 150 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்று இருந்தால் கணக்குப்படி மூன்று மணி நேரம் வரலாம், பேட்டரி பழசென்றால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. நாள் முழுக்க ஆக்சிஜன் வேண்டியவர் வீட்டில் ஒரு பி டைப் சிலிண்டரும் கூடவே இருக்க வேண்டும். கறுப்பு உடல், வெள்ளைத் தோள். நிறைய இருக்கும்போது அதில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். 2 லிட்டர் வேகத்தில் பன்னிரண்டரை மணி நேரம், 5 லிட்டர் வேகத்தில் 5 மணி நேரம். வால்வு இறுகிவிட்டது என்று யாரும் எண்ணெய் விடக் கூடாது. அழுத்தத்தில் வரும் ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் தீப்பற்றும்.

மூக்குக் குழாய், நெபுலைசர் மாஸ்க், அழுத்தத்தோடு காற்றுத் தந்து மூச்சுக்கு உதவும் பைபாப் இயந்திரத்தின் மாஸ்க், சளியை உறிஞ்சும் சக்ஷன் கத்தீட்டர் இவை எதையும் ஒருவர் பயன்படுத்தியதை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது, எவ்வளவு கழுவினாலும். பைபாப் இயந்திரத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. முந்தின நோயாளிக்கு வைத்த அழுத்த அளவுகள் அப்படியே உள்ளே இருக்கும். புதியவருடைய டாக்டரோ அவர் சொல்லும் டெக்னீஷியனோ மாற்றி வைக்காமல் அது முகத்துக்குப் போகக் கூடாது. சக்ஷன் இயந்திரத்தை, மருத்துவமனையில் நர்ஸிடம் கற்றுக்கொண்ட வீட்டாருக்கு மட்டும் கொடுங்கள். ஜாடி முக்கால்வாசி நிரம்பியதும் கொட்ட வேண்டும். சளி பம்புக்குள் போனால் அந்த இயந்திரம் முடிந்தது.

வாக்கர் எளிமையான பொருள் என்று நினைத்து எடுத்து நீட்டிவிடுகிறோம். உயரம் தவறினால் அதுவே விழவைக்கும். வீட்டில் போடும் செருப்போடு, அல்லது வெறுங்காலோடு, நோயாளியை நிமிர்ந்து நிற்கவைத்துக் கையைத் தொங்கவிடச் சொல்லுங்கள். மணிக்கட்டு ரேகை இருக்கும் உயரத்துக்கு வாக்கரின் பிடி வர வேண்டும். அப்போது பிடித்தால் முழங்கை லேசாக மடங்கியிருக்கும். நான்கு காலிலும் பித்தான் எந்தத் துளையில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், ஒரு காலில் ஒரு துளை மாறியிருந்தாலும் வாக்கர் ஆடும். பித்தான் துளையிலிருந்து முழுதாக வெளியே வந்து "டக்" என்று உட்கார்ந்திருக்க வேண்டும். அடிரப்பரைத் திருப்பிப் பாருங்கள். வளையங்கள் தேய்ந்து மழமழவென்று ஆகியிருந்தால் மாற்றிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். டைல்ஸ் தரையும் ஈரமும் சேர்ந்த பாத்ரூமில் அந்த ரப்பர்தான் ஆளைப் பிடித்து நிறுத்துகிறது.

நடக்கும் வரிசை: முதலில் வாக்கர், பிறகு வலிக்கும் கால், பிறகு நல்ல கால். எழுந்திருக்கும்போது வாக்கரைப் பிடித்து இழுத்து எழக் கூடாது, அது முன்பக்கம் கவிழும். நாற்காலியின் கையை ஊன்றி எழுந்து நின்ற பிறகே வாக்கரைப் பிடிக்க வேண்டும். கைத்தடி என்றால் வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில். இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள், நடந்து காட்டுங்கள். அக்குளில் வைக்கும் ஊன்றுகோலில் அக்குளுக்கும் மேல்பட்டைக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். எடையை உள்ளங்கைதான் தாங்க வேண்டும். அக்குளில் தொங்கினால் நரம்பு அழுந்திக் கை மரத்துப்போகும்.

சக்கர நாற்காலி வழக்கமாக 18 அங்குல இருக்கை. மொத்த அகலம் 25, 26 அங்குலம் வந்துவிடும். நம் வீட்டுப் பாத்ரூம் கதவுகள் பல இரண்டே கால் அடிதான், நிலைக்கட்டைக்குள் அளந்தால் அதற்கும் குறைவு. அதனால் சக்கர நாற்காலி கேட்பவருக்குப் பெரும்பாலும் கமோட் சேரும் சேர்த்துத் தர வேண்டியிருக்கும். கால் உயரம் மாற்றக்கூடிய கமோட் சேரில், பாத்திரத்தை எடுத்துவிட்டு இந்தியன் டாய்லெட்டின் மேலேயே வைத்துக்கொள்ளலாம். இடுப்பு மூட்டு மாற்றியவர்கள் தாழ்வாக உட்காரக் கூடாது, முழங்கால் இடுப்பைவிடக் கீழே இருக்கும்படி உயரத்தை வையுங்கள். சக்கர நாற்காலியை விரிக்கும்போது இருக்கைக் கம்பிகளை உள்ளங்கையால் அழுத்தச் சொல்லுங்கள், விரலால் வளைத்துப் பிடித்தால் நசுங்கும். பிரேக் போட்டுத் தள்ளிப் பாருங்கள், உருண்டால் அதைச் சரிசெய்யாமல் கொடுக்காதீர்கள். இறங்கும்போதும் ஏறும்போதும் பாதத் தட்டை மேலே மடக்க வேண்டும். தட்டின்மேல் ஏறி நின்றால் நாற்காலி முன்னால் கவிழும், விழுகிற விபத்துகள் பல இப்படித்தான் நடக்கின்றன. சரிவில் இறக்கும்போது தள்ளுகிறவர் முன்னால், நாற்காலி பின்பக்கமாக.

பதிவேட்டைப் பற்றிக் கொஞ்சம். ஒவ்வொரு பொருளிலும் எண் இருக்க வேண்டும், ஸ்டிக்கர் அல்ல, பெயின்ட். ஸ்டிக்கர் பினாயிலில் உரிந்துவிடும். அடையாளத்துக்கு ஆதார் நகல் வாங்குவதானால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைத்த நகல் போதும். டெபாசிட் வாங்கலாமா என்று எல்லா நிலையங்களிலும் விவாதம் நடக்கிறது. முடிந்தவரிடம் திருப்பித்தரும் டெபாசிட் வாங்குவதில் தவறில்லை, பொருள் திரும்பி வர அது உதவுகிறது. ஆனால் டெபாசிட் இல்லை என்பதற்காக ஒருவரை வெறுங்கையோடு அனுப்பினால் நாம் கதவைத் திறந்து வைத்திருப்பதற்கே பொருள் இல்லை. கொடுத்த மூன்றாம் நாள் ஒரு போன் செய்யுங்கள். பழுதும் குழப்பமும் பெரும்பாலும் அந்த மூன்று நாளில் வெளியே வந்துவிடும். பிறகு மாதம் ஒருமுறை.

நிரந்தரமாகத் தேவைப்படுகிறவரை இரவலிலேயே வைத்திருக்க வேண்டாம். மாற்றுத்திறனாளி என்றால் யு.டி.ஐ.டி. என்னும் தேசிய அடையாள அட்டைக்கும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் உபகரணத்துக்கும் விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள முதியோருக்கு 2017-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாகப் பிசியோதெரபியும் படுத்த படுக்கையானவர்களுக்கான பராமரிப்பும் வீட்டுக்கே வருகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியச் சொல்லுங்கள். நாம் கொடுக்கும் ஏர் பெட்டைவிட, வாரம் ஒருமுறை வந்து பார்க்கும் ஒரு நர்ஸ் பல புண்களைத் தடுப்பார்.

நாம் செய்யும் சில போன்களில் பொருளைப் பற்றிக் கேட்கும் முன்பே மறுமுனையில் குரல் தெரிவித்துவிடும். அம்மா இறந்துவிட்டார். அங்கே "எப்ப சார் கட்டிலைத் திருப்பித் தர்றீங்க" என்ற கேள்விக்கு இடமில்லை. பதிவேட்டில் குறித்துக்கொண்டு, பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு பேசுங்கள். மாறாக, அன்றைக்கே எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்று கெஞ்சும் வீடுகளும் உண்டு. அந்தக் கட்டிலைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு இருக்க முடியாது அவர்களால். அவர்களுக்கு உடனே வண்டி அனுப்ப வேண்டும், ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்காமல்.

திரும்பி வந்ததை நேராக உள்ளே கொண்டுபோகாதீர்கள். முதலில் வெளியே வெயிலில் வைத்து, டார்ச் அடித்து மூட்டைப்பூச்சி பாருங்கள். மெத்தையின் ஓரத் தையல், சக்கர நாற்காலி இருக்கையின் திருகு இடுக்கு, கட்டில் குழாய்களின் திறந்த வாய், இவைதான் அது ஒளியும் இடங்கள். மிளகுத்தூள் சிந்தினதுபோல் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் இருக்கிறது என்று அர்த்தம். இரும்புப் பாகங்களில் கொதிநீர் ஊற்றலாம், ரெக்சினைக் கழற்றிச் சுடுதண்ணீரில் அலசலாம், ஸ்பாஞ்சு மெத்தையாக இருந்தால் கழித்துவிடுங்கள். ஒரு மெத்தைக்கு இரக்கப்பட்டு உள்ளே விட்டால் அடுத்த இருபது வீடுகளுக்கு நாமே பூச்சியை அனுப்புகிறோம். மெத்தை உறையின் ஜிப்பைத் திறந்தும் பாருங்கள். ஸ்பாஞ்சில் ஈரக்கறை இருந்தால் அதுவும் கழிவுதான்.

பிறகு சோப்புத் தண்ணீர். அழுக்கோடு கிருமிநாசினி ஊற்றுவதால் பயன் இல்லை. கழுவித் துடைத்த பிறகு, 5 சதவீத ஹைப்போகுளோரைட் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, பத்து நிமிடம் விட்டு, வெறும் தண்ணீரில் மறுபடி துடைக்க வேண்டும். இந்தக் கடைசித் துடைப்பை விட்டுவிட்டால் இரும்பு துரு ஏறும், ரெக்சின் வெடிக்கும். கரைசல் அன்றன்றைக்குக் கலந்ததாக இருக்கட்டும். டாய்லெட் கழுவும் ஆசிட்டோடு இதைச் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும், இரண்டையும் ஒரே அலமாரியில்கூட வைக்காதீர்கள். மின்சாதனங்களில் எதையும் தெளிக்காமல், பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பிழிந்த துணியால் மட்டும் துடையுங்கள். குழாய்களை மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு வையுங்கள், எலிக்குக் குழாய் என்றால் ரொம்பப் பிடிக்கும்.

புதிதாக நிலையம் தொடங்க நினைப்பவர்கள் முதலிலேயே கான்சன்ட்ரேட்டருக்கு நன்கொடை தேடுவதைப் பார்க்கிறோம். ஜெருசலேமில் 1976-இல் ஊரி லுபோலியான்ஸ்கி தொடங்கிய யாட் சாரா என்னும் அமைப்பு, இன்று நூறுக்கு மேற்பட்ட கிளைகளோடு இந்த வேலையைச் செய்கிறது. அக்கம்பக்கத்தில் ஆவி பிடிக்கும் சாதனம் ஒன்றைக் கடன் வாங்க நேர்ந்த அனுபவத்திலிருந்து பிறந்தது அது. பத்து வாக்கர், ஐந்து கமோட் சேர், நான்கு சக்கர நாற்காலி, மூன்று ஏர் பெட், ஒரு பெட்டி நிறைய அடிரப்பரும் ஒட்டுத்துண்டும், ஒரு செட் ஸ்பேனர், ஆலன் கீ. ஒரு சிறு ஊருக்குத் தொடங்க இது போதும். உடைந்த சக்கர நாற்காலிகளைத் தூக்கிப் போடாதீர்கள். இரண்டு உடைசலைச் சேர்த்தால் நல்லது ஒன்று கிடைக்கும். அலுமினிய வாக்கரில் கால் வளைந்திருந்தால் மட்டும் நிமிர்த்தவும் வேண்டாம், பற்றவைக்கவும் வேண்டாம், பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள். நிமிர்த்திய இடத்தில்தான் அது அடுத்த முறை ஒடியும்.

கழுவிக் காய்ந்த வாக்கரை அலமாரியில் அடுக்கும் முன், நான்கு காலையும் கடைசித் துளைக்கு உள்ளே தள்ளிவிடுங்கள். முந்தினவரின் உயரம் அதிலேயே இருந்தால், அவசரத்தில் எடுத்துக் கொடுக்கிறவர் சரியாகத்தான் இருக்கிறது என்று அப்படியே கொடுத்துவிடுவார். எல்லாம் அடியில் இருந்தால், வருகிறவரை நிற்கவைத்து அளந்தே ஆக வேண்டும்.